பிரமிடா, ரொட்டியா? பண்டைய எகிப்தியர் எதற்காகக் கணக்குப் போட்டார்கள்?

#1 – களஞ்சியன்

எகிப்தியக் கணிதம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் அடுத்த வரியில் பிரமிடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனக்குறை. அந்த மக்கள் எழுதி வைத்த கணக்கு ஏடுகளே நம் கையில் இருக்கும்போது, அவற்றைப் புரட்டிப் பார்க்காமல் கல்லையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

ரைண்டு பாப்பிரஸை (பாப்பிரஸ் என்பது நாணல் தாளில் எழுதிய ஏடு) எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்டு 1858இல் லக்சரில் வாங்கியது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயர் அஹ்மோஸ். ஹிக்சோஸ் என்ற அயல் மரபைச் சேர்ந்த மன்னர் அப்போபிஸின் 33ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1550 வாக்கில், மூன்றாம் அமெனெம்ஹத் காலத்துப் பழைய ஏடு ஒன்றைப் பார்த்துப் படியெடுத்ததாக அவரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். 80க்கும் மேற்பட்ட கணக்குகள். பிரமிடு பற்றியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ரொட்டி, பீர், தானியம், குதிர், கூலி பற்றியவை அதைப்போலப் பல மடங்கு.

முதல் ஆறு கணக்குகளும் ரொட்டியைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவதுதான். மூன்றாவது கணக்கில் 6 ரொட்டி, 10 ஆள். நாம் 6/10, சுருக்கினால் 3/5 என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவோம். அஹ்மோஸ் எழுதும் விடை 1/2 + 1/10. ஐந்து ரொட்டிகளைப் பாதிப் பாதியாக வெட்டினால் பத்துப் பாதி. ஆறாவதைப் பத்துத் துண்டாக்கு. எல்லார் கையிலும் ஒரே அளவுள்ள ஒரு பாதி, ஒரே அளவுள்ள ஒரு சிறு துண்டு. 'அவனுக்குப் பெரிய துண்டு கொடுத்துவிட்டாய்' என்று யாரும் முனக முடியாது.

65ஆம் கணக்கு இன்னும் சுவையானது. 100 ரொட்டி, 10 ஆள். ஆனால் படகோட்டி, மேஸ்திரி, வாயிற்காவலன் ஆகிய மூவருக்கும் இரட்டைப் பங்கு. அஹ்மோஸ் பத்துப் பேரைப் பதின்மூன்று பங்காக எண்ணிக்கொண்டு 100ஐ 13ஆல் வகுக்கிறார். சாதாரண ஆளுக்கு 7 + 2/3 + 1/39. இரட்டைப் பங்குக்காரனுக்கு 15 + 1/3 + 1/26 + 1/78.

ஆகவே என் வாதம்: எகிப்தில் கணிதம் பிறந்து வளர்ந்த இடம் களஞ்சியத்து வாசல். படியளக்கிறவனுடைய கலை அது. கல் அடுக்குவதற்கும் அது உதவியது என்பது பிற்பாடு. மறுப்பவர்கள் வரலாம்.

#2 – அளவுகோல்

மறுக்கத்தான் வந்திருக்கிறேன். கட்டடத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் ரோஷமும் சேர்ந்துகொண்டது.

பிரமிடுக் கணக்குகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவை முக்கியமற்றவை ஆகிவிடுமா? அவற்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'செகெத்' என்று ஓர் அளவு. ஒரு முழம் உயரம் ஏறினால் சுவர் எத்தனை கையகலம் உள்ளே சாய வேண்டும் என்பதைச் சொல்வது. அவர்களுடைய அரச முழம் சுமார் 52.5 செ.மீ.; அதில் 7 கையகலம், 28 விரல். 56ஆம் கணக்கில் அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம். விடை 5 1/25 கையகலம். கோணத்தை அளக்கும் கருவி வேண்டாம், பாகை என்ற கருத்தே வேண்டாம். ஒரு முழக்கோலும் தூக்குக்குண்டும் இருந்தால் எந்தக் கொத்தனாரும் கல்லின் முகத்தைச் சரிபார்த்துவிடலாம். கூஃபுவின் பெரிய பிரமிடை முழத்தில் சொன்னால் அடிப்பக்கம் 440, உயரம் 280. செகெத் போட்டுப் பாருங்கள்: 220ஐ 280ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் கச்சிதமாக 5 1/2.

தானியம் அளந்தவன்தான் கணிதத்தைக் கண்டான் என்றால், இந்த நாலு பக்கமும் உச்சியில் போய் ஒன்றுசேர்ந்தது எப்படி?

#3 – களஞ்சியன்

அளவுகோல் ஐயா, அந்தப் பிரமிடு எழுந்த நாட்களில் எழுதப்பட்ட ஏடு ஒன்றும் கிடைத்திருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பியர் தலே தலைமையிலான குழு கண்டெடுத்தது. மெரெர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு. துரா சுரங்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்கு எடுத்துப் போனவர் அவர். என்றைக்குக் கல் ஏற்றினோம், என்றைக்குப் புறப்பட்டோம், எங்கே இரவு தங்கினோம் என்று நாள்தோறும் பதிவு. அதோடு சேர்ந்து கிடைத்த ஏடுகளில் என்ன இருக்கிறது தெரியுமா? ஆட்களுக்கு வந்த ரொட்டி, தானியம் முதலியவற்றின் வரவுக் கணக்கு. கட்டம் போட்ட அட்டவணையாக. செகெத் தெரிந்தால் கல்லை நிறுத்தலாம். கல்லைத் தூக்குகிறவனுக்குச் சோறு போட இந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும்.

#4 – தென்றல்

இருவரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டுதான் சண்டை போடுகிறீர்கள். ரொட்டி என்றாலும் கல் என்றாலும் கணிதம் வெறும் கருவி என்கிறீர்கள். கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறவள் என்ற முறையில் என்னால் அதை ஒப்ப முடியவில்லை.

மாஸ்கோ பாப்பிரஸின் 14ஆம் கணக்கைப் பாருங்கள். விளதிமிர் கோலனிஷெவ் வாங்கியது; இப்போது மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது. உச்சி வெட்டப்பட்ட பிரமிடு. கீழ்ப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6. கன அளவு என்ன? நாலை வர்க்கப்படுத்து, 16. நாலை இரண்டால் பெருக்கு, 8. இரண்டை வர்க்கப்படுத்து, 4. கூட்டினால் 28. ஆறில் மூன்றில் ஒரு பங்கு 2. இருபத்தெட்டை இரட்டித்தால் 56. 'சரியாகக் கண்டாய்' என்று முடிக்கிறார் எழுதியவர். இன்றைய பாடப்புத்தகச் சூத்திரம் அப்படியே இருக்கிறது. அந்த நடுவில் நிற்கும் 8 இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்த்தோ கையால் அளந்தோ கண்டுபிடிக்க முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ரைண்டு 79ஐயும் சொல்லிவிடுகிறேன். 7 வீடு, 49 பூனை, 343 எலி, 2,401 கதிர், 16,807 ஹெகாத் (முகத்தல் அளவு) தானியம். மொத்தம் 19,607. வீட்டையும் பூனையையும் எலியையும் கூட்டி எந்தக் களஞ்சியத்தில் வரவு வைப்பார்கள்? அது விளையாட்டு. ஏழின் அடுக்குகளை ரசித்த ஒருவருடைய விளையாட்டு.

அரிஸ்டாட்டில் கணிதக் கலைகள் எகிப்தில் தோன்றியதற்குக் காரணம் சொல்லும்போது, அங்கே புரோகித வகுப்பாருக்கு ஓய்வு இருந்தது என்கிறார். ஹெரோடோட்டஸ் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: செசோஸ்திரிஸ் மன்னன் நிலத்தைப் பங்கிட்டான், நைல் கரைத்துக்கொண்டு போன நிலத்தை அளந்து வரியைக் குறைத்தார்கள், அதிலிருந்து வடிவியல் வந்தது என்று. அரிஸ்டாட்டிலை மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

#5 – புதியவன்22

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சந்தேகங்கள். ஒன்று, 12 முடிச்சுப் போட்ட கயிற்றை 3-4-5 என்று இழுத்து எகிப்தியர்கள் செங்கோணம் அமைத்ததாகப் பள்ளியில் படித்தேன். அது எந்த ஏட்டில் இருக்கிறது? இரண்டு, எகிப்தியக் கடவுள் ஹோரஸின் கண் பாகங்கள்தான் 1/2, 1/4, 1/8 என்று 1/64 வரை போகும் பின்னங்கள் என்கிறார்களே?

#6 – களஞ்சியன்

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: எந்த ஏட்டிலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கணித வரலாறு எழுதிய மோரிட்ஸ் கான்டர் 'இப்படிச் செய்திருக்கலாம்' என்று ஊகித்தார். 'இருக்கலாம்' நாளடைவில் உதிர்ந்துவிட்டது. கயிறு இழுப்பவர்கள் இருந்தது உண்மை. கோயிலுக்கு அடித்தளம் போடும்போது மன்னரும் செஷாத் தேவியும் கயிறு பிடிக்கும் சடங்கு கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நிலம் அளக்கவும் முடிச்சுக் கயிறுதான். 3-4-5க்கு மட்டும் சான்று கிடையாது. பெர்லின் பாப்பிரஸ் 6619இல் ஒரு கணக்கு வருகிறது: இரண்டு சதுரங்களின் பரப்பு சேர்ந்து 100, ஒன்றின் பக்கம் மற்றதில் முக்கால். விடை 8, 6. எண் தெரிந்திருக்கிறது, முக்கோணமும் கயிறும் அங்கே இல்லை.

இரண்டாவதும் அதே கதை. 1911இல் ஜார்ஜ் மோலர் சொன்ன கருத்து. தானிய அளவுக்கான அந்தக் குறியீடுகள் கண்ணின் பாகங்களிலிருந்து வந்தவை அல்ல என்று ஜிம் ரிட்டர் 2002இல் பழைய ஹீராட்டிக் (எகிப்தியரின் வேக எழுத்து) எழுத்து வடிவங்களை வைத்தே காட்டிவிட்டார். படம் அழகாக இருப்பதால் இணையத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

#7 – செங்கதிர்

கயிறு பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். அந்தக் கயிற்றை யார் பிடித்திருந்தார்கள்?

தீப்ஸில் மென்னா என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. சுவரோவியத்தில் விளைந்த வயலுக்கு நடுவே முடிச்சுக் கயிற்றை நீட்டிப் பிடித்து அளக்கிறார்கள். பக்கத்திலேயே எழுத்துப் பலகையோடு எழுத்தர்கள். அறுவடைக்கு முன்பே, பயிர் நிற்கும்போதே, இவ்வளவு வர வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு பகுதியில் ஒருவன் அடி வாங்குகிறான். லான்சிங் பாப்பிரஸில் இதே காட்சி எழுத்தாக வருகிறது: எழுத்தர் படகிலிருந்து கரையிறங்குகிறார், பின்னாலேயே தடி பிடித்த ஆட்கள், 'தானியம் கொடு' என்கிறார்கள், இல்லை என்றால் குடியானவனைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். இது மாணவர்களுக்கான ஏடு! 'ஒழுங்காகப் படி, இல்லையென்றால் அடி வாங்குகிற பக்கத்தில் இருப்பாய்' என்பது பாடம்.

களஞ்சியன் ஐயா 'யாரும் முனக முடியாது' என்று நெகிழ்கிறார். அவர் காட்டிய 65ஆம் கணக்கிலேயே மேஸ்திரிக்கு இரட்டைப் பங்கு. அது சின்ன வித்தியாசம். முதலாம் செனுஸ்ரத்தின் 38ஆம் ஆண்டில் வாதி ஹம்மாமத்துக்குக் கல் எடுக்கப் போன பெரும்படையின் பங்கீட்டுப் பட்டியல் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. சாதாரண ஆளுக்கு 10 ரொட்டி. தலைவருக்கு 200. பங்கை நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்திருந்தது என்பதற்காக நியாயமாகப் பிரித்தார்கள் என்று ஆகிவிடாது. ஏற்றத்தாழ்வை முப்பத்தொன்பதில் ஒரு பங்கு வரை துல்லியமாக நடத்தித் தந்தது இந்தக் கணிதம். அதுதான் அந்தச் சமூகத்தில் அதன் வேலை.

#8 – அளவுகோல்

200 ரொட்டியை ஓர் ஆள் தின்ன முடியுமா என்று யோசித்தால் சில விஷயங்கள் தெளிவாகும். அது தலைவருடைய பரிவாரத்துக்கும் சேர்த்து இருக்கலாம். பாதிக்கு மேல் கணக்கில் மட்டும் இருந்திருக்கலாம். நூபியாவில் உரோனார்த்தி கோட்டையில் மரத்தால் செய்த ரொட்டிகள் கிடைத்தன. ரொட்டி வடிவில் செதுக்கி, மேலே சுண்ணம் பூசி, தானிய அளவை எழுதி வைத்திருக்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். படைவீரனுக்கு இவ்வளவு வர வேண்டும் என்பதற்கான அடையாளச் சீட்டு என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாணயம் இல்லாத நாட்டில் ரொட்டியே பணமாகவும் இருந்தது. லாஹூன் கோயில் ஊழியர் பட்டியலில் ஒரு பங்கு 1 2/3 ரொட்டி. கோயில் தலைவருக்குப் பத்துப் பங்கு, அதாவது 16 2/3. இதைச் சாப்பாட்டுத் தட்டாக நினைத்தால் குழப்பம்தான் வரும், சம்பளப் பட்டியலாகப் படிக்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை, தோழர்.

#9 – புதியவன்22

அப்படியானால் 1/30 ரொட்டி என்று வருவதெல்லாம் வெட்டவே இல்லையா? நாலாவது கணக்கில் 7 ரொட்டி, 10 ஆள், விடை 2/3 + 1/30 என்று பார்த்தேன். முப்பதில் ஒரு பங்கு என்பது ஒரு விரல் கனம்கூட வராது.

#10 – களஞ்சியன்

வெட்டவும் முடியும். ஏழு ரொட்டியையும் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வெட்டு. ஏழு பேருக்குப் பெரிய துண்டு ஒவ்வொன்று. மிச்சம் ஏழு சிறு துண்டு. அதில் ஆறை மூன்று பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தால் அவர்களுக்கும் 2/3 ஆகிவிடும். கடைசிச் சிறு துண்டைப் பத்தாக்கு. தீர்ந்தது. நடைமுறையில் அந்தக் கடைசிப் பொடியை யாரும் கத்தியால் வெட்டியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணமும். தாளில் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. தணிக்கைத் துறையில் வேலை பார்த்த எனக்கு அந்த 1/30ஐப் பார்க்கும்போது ஒரு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது. மொத்தமும் பங்குகளின் கூட்டுத்தொகையும் பொருந்தாவிட்டால் மேலதிகாரி விடமாட்டான்.

செங்கதிர் தோழருக்கு ஒரு வார்த்தை. கணக்கு மேலே இருப்பவனுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. தேர் எல்-மதீனாவில் அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் மாதப் படி ஆளுக்கு 4 மூட்டை எம்மர் கோதுமை, 1 1/2 மூட்டை வாற்கோதுமை. மேஸ்திரிக்கு 7 1/2 மூட்டை. இந்த எண் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் படி வரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வேலையை விட்டு வெளியே வந்து கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வது வழக்கம். எழுதி வைத்தவர் அமென்னக்த் என்ற எழுத்தர். ஏடு தூரின் நகரில் இருக்கிறது. எவ்வளவு வர வேண்டும், எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு கையில் இல்லாமல் அவர்கள் வாய் திறந்திருக்க முடியுமா?

#11 – செங்கதிர்

அதே ஊரில்தான் யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்ற பட்டியலும் கிடைத்திருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு, ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் சில்லு, 40 பேர், 280 நாள். பெயருக்கு எதிரே தேதி, தேதிக்கு மேலே சிவப்பு மையில் காரணம்: கண் நோய், தேள் கொட்டியது, பீர் காய்ச்சினான், வீட்டில் மகளுக்கு மாதவிலக்கு. ஆளை எண்ணுகிற பழக்கம் மேலிருந்து வந்தது. கீழே இருந்தவர்கள் அதைப் பிடுங்கித் திருப்பிப் போட்டார்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

#12 – களஞ்சியன்

திருப்பிப் போட்டதற்கு இன்னொன்று. நாலாம், ஐந்தாம் ராம்சேஸ் காலத்தில் யானைத்தீவுக் கோயிலைப் பற்றிய குற்றப்பட்டியல் ஒன்று அதே தூரின் நகரில் உள்ளது. க்னூம் கோயிலுக்கு ஆண்டுக்கு 700 மூட்டை தானியம் வர வேண்டும். ஏற்றி வந்த கப்பல்காரன் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சத்தைக் கொண்டுவந்து சேர்த்தான், மீதியைக் காணோம். யாரோ ஓர் எழுத்தர் ஆண்டுவாரியாக வந்ததையும் வராததையும் எழுதிக் கூட்டியிருக்கிறார். ஒன்பது ஆண்டில் காணாமல் போனது 5,000 மூட்டைக்கு மேல். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது அந்த ஏடு. திருடனைப் பிடிக்கவும் கூட்டல்தான் வேண்டியிருந்தது.

இதெல்லாம் அலுவலக விஷயம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இறந்தவரோடு கல்லறையில் வைக்கப்பட்ட மந்திரத் தொகுப்பான செத்தவர் நூலின் 125ஆம் பகுதியில், இறந்தவன் தீர்ப்பு மண்டபத்தில் நின்று தான் செய்யாத பாவங்களைப் பட்டியலிடுகிறான். 'கொலை செய்யவில்லை' என்பதோடு கூடவே, படியைக் குறைக்கவில்லை, நில அளவைக் குறைக்கவில்லை, தராசுத் தட்டில் கூடுதல் எடை சேர்க்கவில்லை, முள்ளைச் சாய்க்கவில்லை என்றும் வருகிறது. பிறகு அவனுடைய இதயத்தையே தராசில் வைக்கிறார்கள். அளவு நேர்மை என்பது அந்த மக்களுக்கு மறுமைக்கும் தேவைப்பட்ட தகுதி.

#13 – நெறியாளர்

நம் பழைய கணக்கு நூல்களோடு ஒப்பிட்டு வந்த மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எகிப்தோடு நிற்போம்.

#14 – தென்றல்

ரொட்டிக்காரர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். ரொட்டியிலிருந்தே என் கட்சிக்கு ஒரு சாட்சி கொண்டுவருகிறேன்.

'பெசு' என்று ஓர் அளவு. ஒரு ஹெகாத் தானியத்தில் (சுமார் 4.8 லிட்டர்) எத்தனை ரொட்டி சுட்டார்கள் என்பது அந்த ரொட்டியின் பெசு. பெசு 10 என்றால் ஹெகாத்துக்குப் பத்து ரொட்டி, பெரிய ரொட்டி. பெசு 45 என்றால் சின்னஞ்சிறு ரொட்டி. பீருக்கும் இப்படியே: ஒரு ஹெகாத்தில் எத்தனை குடம். எண் கூடக்கூட பீர் தண்ணீராகும். ரைண்டு 72 கேட்கிறது: பெசு 10 உள்ள 100 ரொட்டிக்குப் பெசு 45 உள்ள ரொட்டி எத்தனை ஈடு? நூறு ரொட்டியில் இருப்பது 10 ஹெகாத். ஆகவே 450 ரொட்டி. 78இல் அதே நூறு ரொட்டியைக் கொடுத்துப் பெசு 2 உள்ள பீர் வாங்கினால் 20 குடம்.

இது என்ன சாதாரண விஷயமா? ரொட்டியும் பீரும் கண்ணுக்கும் நாக்குக்கும் வேறு வேறு பொருள். இரண்டுக்கும் அடியில் ஒரே தானியம் இருக்கிறது, அதை ஒரே எண்ணால் பிடித்துவிடலாம், பிடித்தபின் எதை எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று கண்டது மிகப் பெரிய அருவச் சிந்தனை. களஞ்சியத்து வாசலில் உட்கார்ந்துகொண்டே அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே 'வெறும் நடைமுறைக் கணக்கு' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது. கிரேக்கர்களைப் போல நிரூபணம் எழுதவில்லை என்பது உண்மை. படிப்படியாகச் செய்முறை, கடைசியில் சரிபார்ப்பு. அவ்வளவுதான் அவர்கள் எழுதிய பாணி. அந்தச் செய்முறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தால் எண் மாறினாலும் வழி மாறாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தது தெரியும்.

ரைண்டு பாப்பிரஸின் தொடக்கத்தில் இருக்கும் அட்டவணையையும் பாருங்கள். 2ஐ 3 முதல் 101 வரையுள்ள ஒற்றை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்து அலகுப் பின்னங்களாக (மேலே 1 மட்டும் உள்ள பின்னங்களாக) பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெருக்கல் முழுக்க இரட்டித்துக்கொண்டே போவது. 1/13ஐ இரட்டித்தால் என்ன என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதற்காக ஒருமுறை உழைத்து எல்லாருக்குமாக அட்டவணை போட்டுவிட்டார்கள்.

#15 – அளவுகோல்

பெசுவின் முதல் பயன் பண்டமாற்று என்பதைவிட ரொட்டி சுடுகிறவன் மேல் கண் வைப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தனை ஹெகாத் மாவு கொடுத்தேன், இத்தனை ரொட்டி திரும்ப வர வேண்டும். குறைந்தால் எங்கே போனது?

கட்டடக்காரன் பங்குக்கு ஒன்று. அனஸ்தாசி பாப்பிரஸ் I என்ற கிண்டல் கடிதம், 19ஆம் அரச மரபுக் காலம். ஹோரி என்ற எழுத்தர் இன்னொரு எழுத்தரைப் போட்டு வறுத்தெடுக்கிறார். 'பெரிய எழுத்தன் என்கிறாயே, இதோ கணக்கு: 730 முழ நீளம், 55 முழ அகலம், நாணலும் உத்தரமும் நிரப்பிய 120 அறைகள், உச்சியில் 60 முழ உயரம் கொண்ட ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். எத்தனை செங்கல்? எல்லாரும் உன்னை நம்பி நிற்கிறார்கள்' என்ற தொனியில் போகிறது. பிறகு படைக்குச் சாப்பாடு பங்கிடச் சொல்கிறார். ஆளுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பொருந்தாமல் அவன் திண்டாடுகிறான். செங்கல்லும் சாப்பாடும் ஒரே எழுத்தனுடைய மேசைக்குத்தான் வந்தன. நம் சண்டை அவர்களுக்குப் புரிந்தே இருக்காது.

#16 – செங்கதிர்

எழுத்தரல்லாத ஒருவர் கணக்குப் போட்டதையும் பதிவில் வைக்க விரும்புகிறேன். ஹெகானக்த் என்பவர் 12ஆம் அரச மரபின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். நிலம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பத் தலைவர். வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களை 1920களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் வின்லாக் தேர் எல்-பஹ்ரி அருகே கண்டெடுத்தார். நைல் வெள்ளம் குறைந்துபோன காலம். வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்று பெயர் பெயராக எழுதுகிறார். தாய்க்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு. குறைத்துவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், அரை உயிரோடு இருப்பது ஒரேயடியாய்ச் சாவதைவிட மேல் என்கிறார். அரசன் படியளந்த அதே முறையில் அப்பன் படியளக்கிறான்.

#17 – தென்றல்

அருமை. சரி, எல்லாருக்கும் ஒரு கணக்கு வைக்கிறேன், ரைண்டு 40. 100 ரொட்டி, 5 பேர். பங்குகள் ஒரே அளவில் ஏறிக்கொண்டே போக வேண்டும். பெரிய மூன்று பங்குகளின் கூட்டுத்தொகையில் ஏழில் ஒன்று, சிறிய இரண்டு பங்குகளின் கூட்டுத்தொகைக்குச் சமம்.

அஹ்மோஸ் செய்வது இது. 'வித்தியாசம் 5 1/2' என்று சொல்லிவிட்டு, கடைசி ஆளுக்கு 1 என்று வைத்துக்கொள்கிறார்: 1, 6 1/2, 12, 17 1/2, 23. கூட்டினால் 60. நமக்கு வேண்டியது 100. ஆகவே ஒவ்வொன்றையும் 1 2/3ஆல் பெருக்கு: 1 2/3, 10 5/6, 20, 29 1/6, 38 1/3.

பொய்யாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மெய்யைப் பிடிக்கும் வழி. 24ஆம் கணக்கிலும் இதுதான்: ஒரு தொகையும் அதில் ஏழில் ஒன்றும் சேர்ந்து 19. ஏழு என்று வைத்தால் எட்டு வருகிறது. 19ஐ எட்டால் வகுத்து ஏழால் பெருக்கினால் 16 + 1/2 + 1/8.

என் கேள்வி: 40இல் அந்த 5 1/2 எங்கிருந்து வந்தது? அஹ்மோஸ் காரணம் எழுதவில்லை. இயற்கணிதச் சமன்பாடு இல்லாமல் சொல்ல வேண்டும்.

#18 – செங்கதிர்

5 1/2 இருக்கட்டும். கடைசி ஆளுக்கு 1 2/3 ரொட்டி, முதல் ஆளுக்கு 38 1/3. பயிற்சிக் கணக்கில்கூட!

#19 – தென்றல்

ஏழில் ஒன்று என்ற நிபந்தனையை எந்த அதிகாரியும் ஆணையில் போட மாட்டார், தோழர். அது வகுப்பறையில் மூளைக்குக் கொடுத்த வேலை.

#20 – களஞ்சியன்

வகுப்பறையில் உதாரணமாக எது தோன்றுகிறது என்பதும் ஒரு சான்றுதானே. ஐந்து பேர் என்றதும் ஐந்து படிநிலை என்றே அவர் கைக்கு வருகிறது.

#21 – புதியவன்22

5 1/2க்கு முயன்று பார்த்தேன். வித்தியாசம் 1 என்று வைத்தால் பங்குகள் 1, 2, 3, 4, 5. பெரிய மூன்றும் 12, அதில் ஏழில் ஒன்று 1 5/7. சிறிய இரண்டும் 3. இடைவெளி 1 2/7. வித்தியாசம் 2 என்று வைத்தால் 1, 3, 5, 7, 9. பெரிய மூன்றும் 21, ஏழில் ஒன்று 3. சிறிய இரண்டும் 4. இடைவெளி 1. ஆக, வித்தியாசத்தை ஒன்று ஏற்றினால் இடைவெளி 2/7 குறைகிறது. 1 2/7 முழுவதும் மறைய 4 1/2 தடவை ஏற்ற வேண்டும். முதலில் வைத்த 1ஐயும் சேர்த்தால் 5 1/2. இது எகிப்திய வழியாக இருக்க முடியுமா, அம்மா?

#22 – தென்றல்

இருக்க முடியும். கணித வரலாற்றாளர்களும் இதே மாதிரி ஒரு வழியைத்தான் ஊகமாக முன்வைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை பொய்யாக வைத்துப் பார்த்து, குறைகிற வேகத்தைக் கண்டு, மூன்றாவதைப் பிடித்துவிட்டீர்கள். 2/7 என்று நீங்கள் எழுதிய இடத்தில் மட்டும் அஹ்மோஸ் முதல் பக்கத்து அட்டவணையைத் திறந்து 1/4 + 1/28 என்று எழுதியிருப்பார். அதை வைத்து மறுபடியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், 4 1/2 தடவைக்கு எவ்வளவு வருகிறது என்று.

#23 – புதியவன்22

1/4 + 1/28ஐ இரட்டித்தால் 1/2 + 1/14. இன்னொரு தடவை இரட்டித்தால் 1 + 1/7. இது நாலு தடவை. பாதித் தடவைக்கு 1/8 + 1/56, அதாவது 1/7. இரண்டையும் கூட்டினால் 1 + 1/7 + 1/7. வந்துவிட்டது.